சும்மா இருப்பவருக்காக ஒரு சண்டை

பெற்ற அப்பாவை யார் வைத்துக்கொள்வது என்று அண்ணன் தம்பி சண்டை போட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் நின்றுகூடப் பார்க்க மாட்டார்கள். பாகம் பிரித்த வீடுகளில் எல்லாம் உள்ளதுதான். நிலத்தைப் பிரிப்பார்கள், மாட்டைப் பிரிப்பார்கள், கடைசியில் அப்பாவுக்கு முறை வைப்பார்கள். தை முதல் ஆனி வரை மூத்தவன் வீட்டில் சோறு, ஆடி முதல் மார்கழி வரை இளையவன் வீட்டில் சோறு. முறை முடிகிற வாரத்தில் கிழவரின் துணி மூட்டையை முன்கூட்டியே கட்டி வாசலில் வைத்துவிடுகிற மருமகள்கள் உண்டு. ‘உன் முறை’, ‘இல்லை, உன் முறை’ என்று தள்ளிவிடுகிற சண்டைதான் நான் பார்த்து வளர்ந்த சண்டை.

இந்தப் பொங்கலுக்கு மறுநாள் என் அக்கா வீட்டில் நடந்ததோ இழுக்கிற சண்டை.

அக்காவின் மாமனாரை அழைத்துப் போக அவருடைய மூத்த மகன் தளவானூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி செஞ்சிக்கு வந்திருந்தார். வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“தை பொறந்துடுச்சி. நைனாவ இட்டுக்கினு போறேன். இனிமே என் முறை.”

அக்காவின் வீட்டுக்காரர் தம்பி. பஸ்ஸில் கண்டக்டர். சத்தம் போட்டு டிக்கெட் கேட்டே பழகிய மனிதர், அண்ணன் முன்னால் மட்டும் வாயே திறக்க மாட்டார். அக்காதான் கதவுக்குப் பின்னால் நின்றபடி சொன்னாள்: “இன்னும் கொஞ்ச நாள் இங்கியே இருக்கட்டுமே. நான் வேலைக்குப் போறேன். புள்ளய பாத்துக்க வேற யாரு இருக்காங்க? அங்க வந்தும் சும்மாத்தானே இருக்கப் போறாரு.”

“அதத்தான் நானும் சொல்றேன். இங்க சும்மா இருக்கிறவரு அங்க வந்து சும்மா இருக்கட்டும். புது மோட்டார் போட்டுருக்கேன். மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணி கட்டணும். கரண்டு எப்ப வரும் எப்ப போவும்னு எவனுக்குத் தெரியும்? மோட்டார் கொட்டாயில நைனா சும்மா குந்திக்கினு இருந்தாருன்னா, பல்பு எரியறதப் பாத்து சுச்சு போட்டுடுவாரு. செம்புக் கம்பிய எவனும் அறுத்துக்கினு போவ மாட்டான்.”

“இங்க மட்டும் இன்னா செய்யறாரு? புள்ளய தூக்கி வெச்சிக்கினு சும்மாத்தானே இருக்காரு?”

“அதான் சொல்றேன், சும்மாத்தானே…”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொள்ளத் தெரியாத சிரிப்பு. மூத்தவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் பின்கட்டுக்கு ஓடினேன். அங்கே, யாருக்காகச் சண்டை நடக்கிறதோ அவர் கிணற்றடியில் குந்திக்கொண்டு பேரனுக்குக் கரும்பு நசுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய காதில் பற்ற வைக்காத ஒரு பீடி. குழந்தை கரும்பை விட்டுவிட்டு அந்தப் பீடியைப் பிடுங்கப் பார்த்தது.

“உள்ள இன்னா பேசறாங்க?” என்று கேட்டார்.

“நீங்க சும்மா இருக்கீங்களாம் தாத்தா.”

“ஆமா, சும்மாத்தான் இருக்கேன். இவன் எங்க உடறான்?” என்றார், பீடியை மறு காதுக்கு மாற்றியபடி.

அந்த இடத்தில்தான் எனக்கு அது உறைத்தது. சும்மா இருக்கிற ஒருவருக்காக இரண்டு வீடுகள் ஏன் இப்படி அடித்துக்கொள்ள வேண்டும்? இவர் நகர்ந்தால் ஒரு வீட்டில் மோட்டார் நிற்கும், இன்னொரு வீட்டில் வேலை போகும். அப்படியானால் இவர் என்ன சும்மாவா இருக்கிறார்?

எனக்கு ஒரு யோசனை வந்தால் உட்கார முடியாது, நிற்க முடியாது, யாரிடமாவது சொல்லியாக வேண்டும். அதிலும் இந்த யோசனை என்னையே முதலில் குத்தியது. பள்ளி இறுதி வகுப்பில் ‘நாளைய இந்தியா இளைஞர் கையில்’ என்று மேடையில் முழங்கி எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கியவள் நான். அந்தப் பேச்சில் வயதானவர்களுக்கு நான் ஒதுக்கியது ஒரே வரி. ‘ஓய்ந்த கைகள் ஓய்வு கொள்ளட்டும்’ என்பது அந்த வரி. கைதட்டல்கூட வந்தது.

அக்காவின் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் இந்தச் சண்டையின் கனம் தெரியும்.

அவளுக்குப் பள்ளிக்கூட உத்தரவு வந்தது கார்த்திகையில். அவலூர்பேட்டை ரோட்டில், பஸ்ஸில் அரை மணி போனால் வருகிற ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். தற்காலிக வேலைதான். நீண்ட விடுப்பு எடுத்தால் அடுத்து காத்திருப்பவர்களுக்குப் போய்விடும். பயிற்சி முடித்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்று, ‘இனிமேல் எங்கே வரப்போகிறது’ என்று அவள் கைவிட்டிருந்த நேரத்தில் வந்த உத்தரவு. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள். வேலை கிடைத்த சந்தோஷத்தில் அல்ல, தோளில் கிடந்த பிள்ளையைப் பார்த்து. அவனுக்கு அப்போதுதான் உட்காரத் தெரிந்திருந்தது. தாய்ப்பால் தவிர எதையும் துப்புவான். புட்டியைக் கண்டால் வீடே இரண்டாகும்.

அக்காவுக்கு மாமியார் இல்லை. எங்கள் அம்மாவும் நைனாவும் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இட்லிக்கடை வைத்திருக்கிறார்கள். விடிவதற்கு முன் பற்ற வைத்த அடுப்பை விட்டு அம்மாவால் நகர முடியாது. நான் ஆசிரியர் பயிற்சிக்கு மனுப்போட்டு விட்டு, எந்த நாளிலும் கூப்பிடுவார்கள் என்று தபால்காரரின் சைக்கிள் மணியை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். மீதி இருந்தவர் ஒருத்தர்தான். அவர் ஏர் பிடித்த ஆள். வெந்நீர் வைக்கத் தெரியாது என்று ஊரே சொல்லும்.

அந்த ஏர் பிடித்த ஆள்தான் சொன்னார்: “நீ போம்மா. மத்தியானத்துக்கு நான் இவன இட்டாந்து காட்டிட்டுப் போறேன். பால் குடிக்கட்டும்.”

“எங்க மாமா இட்டாருவீங்க?”

“பள்ளிக்கூடத்துக்குத்தான். பஸ்ஸு போவுதில்ல?”

மறு வாரமே செஞ்சி பஸ் ஸ்டாண்டு ஒரு புதுக் காட்சி பார்த்தது. மத்தியான பஸ் புறப்படும் நேரத்துக்கு, கறுப்புக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, துண்டில் சுற்றிய பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு கிழவர் வருவார். கடைவீதி சும்மா விடுமா?

“இன்னா பெருசு, ஆயா வேலைக்கு சேந்துட்டியா?” என்று வெற்றிலைக் கடையிலிருந்து ஒரு குரல்.

“ஆமாண்டா. உனக்கும் காலி இருக்குது. வர்றியா?”

“பால் குடுப்பியா பெருசு?”

“நான் எங்கடா குடுக்கிறது. குடுக்கிற எடத்துக்கு இட்டுக்கினு போறேன். உங்கொப்பன் இதக்கூட செய்யலயே, அதான் நீ இப்டி கீற.”

கடைவீதி சிரித்தது. அதற்குப் பிறகு கேலி குறைந்து, ‘பெரியவருக்கு முன் சீட்டு’ என்று டிரைவரே இடம் ஒதுக்க ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் மத்தியான மணி அடிக்கும்போது புளியமரத்தடியில் குடை நிற்கும். அக்கா வரைபடங்களும் உடைந்த பெஞ்சுகளும் கிடக்கும் அறையில் பிள்ளைக்குப் பால் கொடுப்பாள். அவர் வெளியே நின்று காதுப் பீடியை எடுத்து, பார்த்து, மறுபடியும் காதிலேயே செருகிக்கொள்வார். புகை வாசனைக்குப் பிள்ளை இருமுகிறது என்று அக்கா ஒருநாள் சொல்லியிருந்தாள். விட்டுவிடச் சொல்லவில்லை. அவராகத்தான் விட்டார். ஆனால் பீடி மட்டும் காதில் இருந்தது. ‘அது அங்க இருந்தாத்தான் கைக்குத் தைரியம்’ என்பார்.

பிள்ளையைத் தூங்க வைக்க அவருக்குத் தாலாட்டு எதுவும் தெரியாது. வயலில் மாட்டை அதட்டித் திருப்புகிற சத்தம்தான் தெரியும். “ஏ… பா… பா… திரும்பு… தா, திரும்பு…” என்று அடித்தொண்டையில் இழுப்பார். அதில்தான் அந்தப் பிள்ளை சொக்கும்.

இப்போது அந்த மனிதரைத்தான் முறை வந்து இழுத்தது.

மூத்தவர் அழைத்துக்கொண்டே போய்விட்டார். அதைத் தடுக்க யாருக்கும் வாய் இல்லை; பாகம் பிரித்தபோது ஊர்ப் பெரிய மனிதர்கள் வைத்த முறை. பெரியவர் மூட்டையை இடுக்கிக்கொண்டார், குடையை மட்டும் பிள்ளை கையில் கொடுத்துவிட்டார். படியிறங்கியவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் தெருமுனை வரை பின்னால் போனேன்.

“ஒரு தடவ திரும்பிப் பாருங்க தாத்தா, அழறான்.”

“நான் திரும்புனா இன்னும் அழுவான். நீ உள்ள போ.”

மூட்டையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடையை எட்டிப் போட்டார்.

மறுநாளிலிருந்து பிள்ளை என் பொறுப்பு. எனக்கு என்னைப் பற்றி இருந்த நம்பிக்கைக்கு அளவே இல்லை. பள்ளிக்கூடத்தில் கற்ற பாட்டையெல்லாம் பாடினேன். கிலுகிலுப்பை வாங்கினேன். கோட்டை மலையைக் காட்டி, “அதோ பார் ராசா கோட்டை” என்றேன். அவனுக்கு ராசாவும் வேண்டாம், கோட்டையும் வேண்டாம். வாசல் பக்கமே கழுத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தான். கடைசியில் வெட்கத்தை விட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, “ஏ… பா… திரும்பு…” என்று நானும் இழுத்துப் பார்த்தேன். அழுகையை நிறுத்தி என் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தான். பிறகு முன்னைவிடப் பலமாக அழுதான்.

அந்த நாட்களில் எனக்கு ஊரே வேறாகத் தெரிந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போகும்போது கண்ணில் பட்டதெல்லாம் கிழவர்களும் கிழவிகளும்தான். இதற்கு முன் அவர்கள் எங்கே போயிருந்தார்கள் என்று தெரியவில்லை. ரேஷன் கடை வரிசையில் வெயிலில் நிற்பவர்களில் பாதிக்கு மேல் அவர்கள். அவர்கள் நிற்பதால்தான் அவர்களுடைய மகன் அன்றைக்குக் கூலியை விடாமல் கல் உடைக்கப் போகிறான். தாலுகா ஆபீஸ் வாசலில் ஊராருக்கு மனு எழுதித் தருபவர் ஒரு பென்ஷன்காரர். எங்கள் கடைக்கே வாழை இலையைத் துடைத்து நறுக்கித் தருபவர் நைனாவுக்குச் சித்தப்பா முறை. மத்தியானச் சாப்பாடு அவருக்குச் சம்பளம். சந்தை நாளில் வண்டிமாட்டுக்குக் காவல் நிற்கிறவர்கள், ஆஸ்பத்திரியில் மருமகளுக்குத் துணை இருக்கிறவர்கள், நெல் காய்கிற இடத்தில் கோழி விரட்டுகிறவர்கள் — யாரைக் கேட்டாலும், ‘இன்னா செய்றீங்க?’ என்றால், ‘சும்மாத்தான் இருக்கேன்’ என்கிறார்கள். அவர்களே சொல்கிறார்கள்!

நைனாவிடம் போய்க் கொட்டினேன். “இவங்கல்லாம் ஒரு நாளு படுத்துக்கிட்டாங்கன்னா இந்த ஊரே நின்னுடும் நைனா. நாட்டோட பொருளாதாரமே இவங்க முதுகு மேல குந்திக்கினு இருக்குது.”

நைனா கரண்டியைத் தூக்கிப் பார்த்தார். “அவங்க படுத்துக்கிட்டா ஆஸ்பத்திரிக்கு நான்தான இட்டுக்கினு போவணும்? பொருளாதாரத்த அப்புறம் பாத்துக்கலாம், அந்த எலைக்குச் சட்னி ஊத்து.”

ஊற்றினேன். இலையை நறுக்கிக்கொண்டிருந்த சின்னத் தாத்தா மட்டும் தலையைத் தூக்காமலே சொன்னார்: “அது சொல்றது நாயந்தான்டா.”

தபால்காரரின் மணி அந்த வாரம்தான் அடித்தது. பயிற்சிப் பள்ளியில் நேர்முகத்துக்கு வரச்சொல்லி அட்டை. எத்தனை மாதமாகக் காத்த அட்டை! அதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடி, வாசல்படியில் கால் வைத்த பிறகுதான் நினைவு வந்தது. நான் தேர்வாகி விடுதிக்குப் போய்விட்டால் பிள்ளை யாரிடம்?

அக்கா அட்டையைப் படித்தாள். என் தலையைத் தடவினாள்.

“நீ போய்ட்டு வா. நான் வேலைய விட்டுடறேன்.”

“அக்கா!”

“இன்னா பண்றது? ரெண்டு பேருல ஒருத்தர்தான் போவ முடியும். நான் போய்ப் பாத்துட்டேன். இனிமே உன் முறை.”

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ‘முறை’ என்ற சொல்லையே நான் அன்று வெறுத்தேன். வெள்ளிக்கிழமை தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிடுவதாக முடிவு செய்தாள். நான் போகவில்லை என்றேன், அவள் கேட்கவில்லை. அவள் விடுகிறேன் என்றாள்; நான் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒருவர் வேலையை இன்னொருவர் காப்பாற்றப் பார்த்து, ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்தோம்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. மத்தியான பஸ்ஸில் பெண்கள் பக்கம் முன் சீட்டில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தேன். பஸ் ஊரைத் தாண்டி, பாறைக் குன்றுகள் இரண்டு பக்கமும் நெருங்குகிற இடத்தில் அவன் அழ ஆரம்பித்தான். நான் தட்டினேன், ஆட்டினேன், ஜன்னலைக் காட்டினேன். பக்கத்தில் இருந்த பெண், “பசிக்கு அழுவுதா, வவுத்து வலியா?” என்றாள். பின்னாலிருந்து ஒருவர், “அந்தப் புள்ளய கொஞ்சம் பாரும்மா” என்றார். எனக்கே அழுகை முட்டியது. இன்னும் சற்று நேரத்தில் அக்கா போய் வேலையை விடுகிறேன் என்று சொல்லப் போகிறாள்; அதற்காகவாவது இவன் அழாமல் வரக்கூடாதா?

அப்போது பஸ்ஸின் கடைசியிலிருந்து, எஞ்சின் சத்தத்துக்கு மேல், ஒரு சத்தம் வந்தது.

“ஏ… பா… பா… திரும்பு… தா, திரும்பு…”

பிள்ளையின் அழுகை நடுவிலேயே அறுந்தது. உடம்பு முழுவதையும் முறுக்கிக்கொண்டு என் தோளுக்கு மேல் ஏறிப் பார்த்தான். பஸ்ஸில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். மாட்டைத் திருப்புகிற சத்தம் பஸ்ஸில் வந்தால் யார்தான் திரும்ப மாட்டார்கள்?

கடைசி சீட்டில், முழங்காலில் துணி மூட்டையோடு அவர்.

சீட்டுக் கம்பிகளைப் பிடித்துப் பிடித்து அவர் முன்னால் வருவதற்குள் பிள்ளை இரண்டு கையையும் நீட்டிவிட்டான். அவர் வாங்கிக்கொண்டார். பிள்ளை செய்த முதல் காரியம், காதிலிருந்த பீடியைப் பிடுங்கியது.

“எப்ப வந்தீங்க தாத்தா? சொல்லிட்டு வந்தீங்களா?”

“சொன்னா உடுவானா?”

“அப்ப மோட்டாரு?”

“ரெண்டு நாளா கரண்டே இல்ல. எரியாத பல்ப எம்மாம் நேரந்தான் பாத்துக்கினு இருக்கறது?” பிறகு, குரல் தணிந்து, “கரண்டு இருந்தாலுந்தான் இன்னா. இந்த பஸ்ஸு பொறப்படற நேரம் ஆவுதில்ல, அப்ப எனக்குக் கொட்டாயில குந்த முடியல. கையி வெறுங்கையா இருக்குது” என்றார்.

பள்ளிக்கூடத்துப் புளியமரத்தடியில் அக்கா நின்றிருந்தாள். பஸ்ஸிலிருந்து முதலில் துணி மூட்டை இறங்கியது, பிறகு பிள்ளையோடு அவர். அக்கா ஓடிவந்தாள். முந்தானையால் முகத்தை ஒரு தரம் துடைத்துக்கொண்டு பிள்ளையை வாங்கினாள்.

“சொல்லிட்டியாக்கா?” என்றேன்.

“மணி அடிச்சதும் போலாம்னு இருந்தேன்.”

“அப்ப போவாத.”

“நீ வாய மூடு மொதல்ல” என்றாள். ஆனால் போகவில்லை.

சாயங்காலமே மூத்தவர் வந்துவிட்டார். இந்தத் தடவை வாசலிலிருந்தே சத்தம். “முறை தப்பி இவர இங்க வரச் சொன்னது யாரு? ஊருல என் மானம் போவுது. சோறு போடாம தொரத்திட்டான்னு பேசறானுங்க.”

அதுவரை எந்தச் சண்டையிலும் வாய் திறக்காத பெரியவர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே கேட்டார்: “முறைய யாருடா வெச்சது?”

“பெரிய மனுசங்க நாலு பேரு வெச்சது.”

“என்னக் கேட்டு வெச்சாங்களா?”

மூத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“சோத்துக்குத்தான்டா முறை வெச்சாங்க. வேலைக்கு வெக்கல. எனக்கு வேலை இருக்கற எடத்துல நான் இருக்கறேன். உன் முறை மாசத்துல அரிசிய இங்க அனுப்பு.”

“நல்லா இருக்குது நாயம்! அரிசி என்னுது, வேலை அவனுக்கா?”

எனக்கு நாக்கு நிற்கவில்லை. “அப்ப தாத்தா வேலைதான செய்யறாரு? மாட்டுப் பொங்கலன்னிக்கி சும்மா இருக்காருன்னு சொன்னீங்களே?”

“இந்தக் குட்டிய யாராவது உள்ள கூப்டுங்கப்பா!”

அக்கா அந்தத் தடவை கதவுக்கு முன்னால் வந்து நின்றாள். “அரிசி வேணாம். மாமாவுக்கு நான் சோறு போடறேன். உங்க கொட்டாய்க்கு ஒரு ஆள வெச்சிக்குங்க, கூலிய என் சம்பளத்துலேருந்து குடுக்கறேன்.”

மூத்தவரின் முகம் சுருங்கிவிட்டது. கோபம் என்று நினைத்தேன். கோபம் இல்லை. “நீ கூலி குடுத்து, நான் எங்க நைனாவ மாத்திக்கினு போறதாம்மா?” என்றார். அம்மா கடையிலிருந்து அனுப்பிய காப்பியைத் தொடாமல் எழுந்தார். போகும்போது அப்பாவின் காலடியில் கிடந்த மூட்டையைப் பார்த்தார். எடுக்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அவரே மறுபடி வந்தார். தோளில் ஒரு சாக்கு நிறையப் பச்சை மொச்சை; கையில் அப்பா மறந்துவிட்டு வந்த போர்வை. உட்கார்ந்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“கூலிக்கு இன்னாத்துக்கு ஆளுன்னு, எங்க வீட்டுக்காரியோட பெரியப்பன் இருக்காரே, அவரு சும்மாத்தான இருக்காருன்னு இட்டாந்து கொட்டாயில குந்த வெச்சேன். மறுநாளே அவரு பொண்ணு வந்து ஆடிட்டுப் போச்சி. ‘எங்கப்பன் இங்க குந்திக்கினா எங்க ஆட்ட உங்கப்பனா மேய்ப்பாரு?’ன்னு. சரி போன்னு மேலத் தெருக் கெழவரக் கேட்டேன். அவரு பேத்திய பள்ளிக்கூடத்துக்கு இட்டுக்கினு போவணுமாம். அடுத்த வீட்டுக் கெழவி அடைகாக்கற கோழிய உட்டுட்டு வர முடியாதுன்னுச்சி. ஊரு முச்சூடும் கேட்டேன் நைனா. சும்மா இருக்கற ஒரு கெழவனும் எங்க ஊருல இல்ல!”

பெரியவர் சிரித்த சிரிப்பில் பிள்ளை பயந்துபோனது.

“அப்புறம் இன்னா பண்ண?” என்றார்.

“ஆடு மேய்க்கறவரத்தான் வெச்சேன். கூலி குடுத்து. ஆட்ட அவரு பொண்ணு ஓட்டிக்கினு போவுது.” பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, “ரெண்டு நாளு குடுத்தப்பவே கணக்குப் பாத்தேன் நைனா. நீ இம்மாம் வருசமா…” என்று நிறுத்தினார். மொச்சையை உரிக்க உட்கார்ந்துவிட்டார். எதிரில் அப்பாவும் உட்கார்ந்தார். இரண்டு பேரும் சாக்கு பாதியாகும் வரை உரித்தார்கள்.

அக்காவின் வேலை தப்பியது. நானும் நேர்முகத்துக்குப் போய்வந்துவிட்டேன். ‘நாட்டின் முன்னேற்றத்துக்கு யார் முக்கியம்?’ என்று அங்கே கேட்டார்கள். எவர்சில்வர் டம்ளர் பேச்சு நாக்கு நுனியில் வந்தது. அதை விழுங்கிவிட்டு மத்தியான பஸ்ஸையும் கறுப்புக் குடையையும் பற்றிச் சொன்னேன். கேட்டவர்களில் ஒரு அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்தார். முடிவு இன்னும் வரவில்லை.

இதோடு முடிந்திருக்கும். ஆனால் புளியமரத்தடியில் குடையைப் பார்த்துப் பார்த்து, மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலைக் கொல்லையில் களை எடுக்கிற பெண்கள் ஒவ்வொருத்தராக வர ஆரம்பித்தார்கள். “பெரியவரே, இவளயும் கொஞ்சம் பாத்துக்க, ரெண்டு பாத்தி களைதான் இருக்குது.” வரப்பில் துணியை விரித்துப் பிள்ளையைக் கிடத்திவிட்டு, எறும்பு கடித்ததோ பாம்பு வந்ததோ என்று நிமிஷத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு களை எடுப்பவர்கள் அவர்கள். ஒரு நாள் குடைக்குக் கீழே பிள்ளைகள் கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுக் கிழவி ஒருத்தி வந்து இரண்டைத் தூக்கிக்கொண்டாள். தலைமை ஆசிரியர் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, “இங்க இருந்து வர்ற சத்தத்துல என் வகுப்புப் புள்ளைங்களும் அழ ஆரம்பிச்சுடும்போல இருக்கு” என்றார்.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், பயிர் மேய்ந்த மாடுகளைப் பிடித்து அடைக்கிற பவுண்டு ஒன்று காலியாகக் கிடக்கிறது. நல்ல சுவர், பாதிக்குக் கூரை, வேப்பமர நிழல். பார்த்த அன்றே இதுதான் இடம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பெரியவரை இழுத்துக்கொண்டு அந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்குப் போனேன். நாட்டின் நிலைமை, பெண்களின் உழைப்பு, முதியோரின் பங்கு என்று ஆரம்பித்தேன். அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“இரும்மா, இரு. மாட்டு பவுண்டுல மனுசப் புள்ளைங்களயா அடைக்கணும்ன்ற?”

“ரெண்டும் கண்ட எடத்துல மேயறதுதானே” என்றார் பெரியவர்.

தலைவர் சிரித்துவிட்டார். அறுவடை வரை வைத்துப் பாருங்கள், மாடு வந்தால் காலி செய்துவிட வேண்டும் என்றார். திங்கட்கிழமை காலையில் சாவி தருவதாகச் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் என் அடுத்த யோசனையைச் சொன்னேன். பிள்ளையை விடுகிற ஒவ்வொரு தாயும் களைக்கூலியில் ஒரு பங்கைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும். பெரியவருக்கும், அந்தக் கிழவிக்கும்.

“கொழந்தைய பாத்துக்கறதுக்குக் கூலியா?” என்று முகத்தைச் சுளித்தார்.

“ஆமாம் தாத்தா. கூலி குடுக்காத வேலைக்கெல்லாம் சும்மான்னு பேரு வெச்சிடறாங்க.”

அவர் துண்டை இழுத்துப் பிள்ளையின் முகத்தில் வெயில் படாமல் மறைத்தார். பிள்ளை அவர் மார்பில் தூங்கிவிட்டிருந்தது. ஊர் நெருங்கும்போது காதைத் தடவிப் பீடி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

“அப்ப மூத்தவனாண்டயும் கேளு” என்றார். “கொட்டாயில குந்திக்கினு இருந்ததுக்கு.”

இன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மாவின் பழைய புடவைகளில் கிழியாததாகப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறேன், தூளி கட்ட. நைனா கடையிலிருந்து ஒரு தண்ணீர்க் குடம் தருகிறேன் என்றிருக்கிறார். சின்னத் தாத்தா கயிறு முறுக்கிக்கொண்டிருக்கிறார். கூலி கேட்டால் எத்தனை தாய்மார் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், எத்தனை பேர் சரி என்பார்கள் என்று எனக்குத் தெரியாது. பயிற்சிக்குக் கூப்பிட்டுவிட்டால் நான் பாதியில் போக வேண்டி வரும். அதற்குள் இது தன் காலில் நிற்குமா என்றும் தெரியாது. பவுண்டுத் தரையை மட்டும் காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன் நன்றாகக் கழுவ வேண்டும். அதனால் நாளைக்கு மத்தியான பஸ் இல்லை. முதல் பஸ்ஸுக்கே கிளம்புகிறோம், நானும் அவரும் பிள்ளையும், குடையும்.